குழந்தை வேணும்னு நினைக்கிற நாள்ல இருந்து பால்குடி வரைக்கும்: என்ன சாப்பிடுறது, எப்படி சாப்பிடுறது

இது டயட் சார்ட் இல்ல, முதல்லயே சொல்லிடுறேன். யூடியூப்ல தேடினா முதல் மாசம் இதச் சாப்பிடு, ரெண்டாம் மாசம் அதச் சாப்பிடுன்னு வரிசையா வீடியோ வரும், அதுல பாதி ஐட்டம் அவகாடோ, குயினோவான்னு நம்ம ஊர் மார்க்கெட் பக்கமே வராதது. இன்னொரு பக்கம் வீட்டுல பெரியவங்க பப்பாளியா வேணாம், அன்னாசியா வேணாம், கத்திரிக்காயா வேணாம்னு ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே போவாங்க, கடைசில தட்டுல மிஞ்சுறது ரசஞ்சோறுதான். முதல் தடவை மாசமா இருக்கிற பொண்ணு ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்குது.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். எது சாப்பிடக்கூடாதுங்கிற கவலையில பாதிய எடுத்து ரத்தத்து மேல வைங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டு கர்ப்பிணிகள்ல 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கிட்டத்தட்ட ரெண்டு பேருக்கு ஒருத்தர். பிரசவத்துல ரத்தம் கொஞ்சம் கூடுதலா போனாலும் உடம்பு தாங்காம போறதுக்கும், குழந்தை எடை கம்மியா, நாள் முந்தி பொறக்கிறதுக்கும் இது ஒரு பெரிய காரணம். பப்பாளி பயத்துக்கு குடுக்கிற மரியாதையில கால்வாசி கூட யாரும் இதுக்கு குடுக்கிறதில்ல.

கர்ப்பத்துக்கு முன்னாடி

குழந்தை வேணும்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்கன்னா அன்னைக்கே போலிக் ஆசிட் மாத்திரை ஆரம்பிச்சிடணும். ஏன் இவ்வளவு அவசரம்னா, குழந்தையோட மூளையும் தண்டுவடமும் உருவாகுற அந்தக் குழாய் கரு தரிச்சு 28 நாளுக்குள்ள மூடிடும். நாள் தள்ளிப்போயி, கிட் வாங்கி ரெண்டு கோடு பாத்து, அம்மாவுக்கு போன் போட்டு அழுது சிரிச்சு, டாக்டரம்மாவ பாக்கப் போறதுக்குள்ள அந்த வேலை முடிஞ்சே போயிருக்கும். அதுக்கப்புறம் மாத்திரை போட்டா அந்த ஒரு விஷயத்துக்கு லேட்டுதான். தினமும் 400 மைக்ரோகிராம், குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடியே. மெடிக்கல்ல போய் போலிக் ஆசிட்னு கேட்டா பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையத்தான் எடுத்து நீட்டுவாங்க, அது எல்லாருக்கும் தேவைப்படுற டோஸ் கிடையாது. சுகர் இருக்கிறவங்க, வலிப்புக்கு மாத்திரை எடுக்கிறவங்க, முந்தின குழந்தைக்கு தண்டுவடத்துல குறை இருந்தவங்க, இவங்களுக்குத்தான் டாக்டர் கூடுதலா எழுதுவாங்க. அதனால கேட்டுட்டு வாங்குங்க.

அப்படியே ஹீமோகுளோபின், சுகர், தைராய்டு மூணையும் ஒரு தடவை பாத்துடுங்க. ஹீமோகுளோபின் 8ல வச்சுக்கிட்டு கர்ப்பமாகி அப்புறம் ஒன்பது மாசம் அதுகூட மல்லுக்கட்டுறதுக்கு, முன்னாடியே ஏத்திக்கிறது ரொம்ப சுலபம். எடை ரொம்ப கம்மியா இருந்தா கொஞ்சம் ஏத்துங்க, ரொம்ப அதிகமா இருந்தா இப்பவே கொஞ்சம் குறைங்க, கர்ப்பமான பிறகு எடை குறைக்கிற வேலை வேண்டாம். சுத்த சைவமா இருந்தா பி12 பாக்கச் சொல்லுங்க, அது மாமிசம், மீன், முட்டை, பால் இதுலதான் கிடைக்கும், கீரையில கிடைக்காது.

வீட்டுக்காரருக்கும் இதுல பங்கு உண்டு. சிகரெட், தண்ணி ரெண்டையும் விடச் சொல்லுங்க, அது அவரோட அணுவையும் கெடுக்கும், அந்தப் புகை உங்களுக்கும் வரும். இன்னொண்ணு, எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகு மருமக சட்டிய வழிச்சு சாப்பிடுற பழக்கம் இன்னும் பல வீட்டுல இருக்கு. சட்டில அப்ப மீனும் இருக்காது முட்டையும் இருக்காது, குழம்புதான் இருக்கும். இந்த ஒரு பழக்கம் மாறினாலே பாதி டானிக் செலவு மிச்சம்.

முதல் மூணு மாசம், வாந்தி காலம்

இந்த நேரத்துல கூடுதலா சாப்பிடணும்னு அவசியமே இல்ல. ரெண்டு உயிருக்கு சாப்பிடுன்னு ஊட்டுவாங்க, ஊட்டினதெல்லாம் வெளிய வரும். எது வயித்துல தங்குதோ அதச் சாப்பிடுங்க, சத்துக்கணக்கெல்லாம் நாலாம் மாசம் பாத்துக்கலாம்.

வெறும் வயிறா இருந்தாத்தான் குமட்டல் அதிகமாகும், அதனால காலைல எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே படுக்கையில உக்காந்து ரெண்டு ரஸ்க், இல்ல ஒரு கை பொரி மெதுவா மென்னுட்டு பத்து நிமிஷம் கழிச்சு இறங்குங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. சூடான சாப்பாட்டுல வாசனை தூக்கும், ஆறின சாப்பாட்டுல அவ்வளவா வராது, அதனாலதான் நிறைய பேருக்கு தயிர்சாதம் மட்டும் உள்ள இறங்குது. ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய் தொட்டுக்கலாம், இஞ்சி தட்டிப்போட்ட டீ குடிக்கலாம். தாளிக்கிற வாசனை ஆகலைன்னா அந்த நேரம் கிச்சனை விட்டு வந்துடுங்க, மூணு மாசம் வேற யாராவது தாளிக்கட்டும், ஒண்ணும் ஆகாது. ஆனா தண்ணி கூட தங்கல, யூரின் கடும் மஞ்சளா போகுது, எடை இறங்குதுன்னா மசக்கைதானேன்னு வீட்டுல உக்காராதீங்க, ஆஸ்பத்திரி போயி டிரிப்ஸ் ஏத்திக்கணும்.

காபி டீய முழுசா நிறுத்த வேண்டியதில்ல. நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபினுக்குள்ள இருக்கணும், வீட்டு ஃபில்டர் காபி சின்ன டம்ளர்ல ரெண்டோட நிறுத்திக்கிட்டா பயமில்ல.

இந்த மூணு மாசத்துக்குள்ள இன்னொரு வேலை, 12 வாரம் தாண்டுறதுக்குள்ள உங்க ஏரியா கிராம சுகாதார செவிலியர்கிட்ட பதிவு பண்ணி பிக்மிங்கிற கர்ப்பப் பதிவு நம்பர் வாங்கிடுங்க. தனியார் ஆஸ்பத்திரில பாக்குறவங்களும் வாங்கணும், நாளைக்கு குழந்தைக்கு பிறப்புச் சான்றிதழ் வாங்க இந்த நம்பர் கேப்பாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துல 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி இருக்கு, 14,000 பணமா, மீதி ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமா. பெட்டகத்துல ஹெல்த் மிக்ஸ், இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய்னு இருக்கும். தவணை முறையும் விதிகளும் அப்பப்ப மாறும், நர்சம்மாகிட்டயே கேட்டுக்கோங்க. அங்கன்வாடியில கர்ப்பிணிக்கு சத்துமாவும் உண்டு, கௌரவம் பாக்காம வாங்குங்க. அத வாங்கி மாட்டுக்கு கலக்குற ஆளுங்கள பாத்திருக்கேன், வயித்தெரிச்சலா இருக்கும். கட்டி தட்டாம வறுத்து உருண்டை பிடிச்சா நல்லாவே இருக்கும்.

நாலாம் மாசத்துல இருந்து: ரத்தம்

ஹீமோகுளோபின் 11க்கு கீழ போனா கர்ப்பிணிக்கு ரத்தசோகைன்னு கணக்கு, 7க்கு கீழன்னா அது ஆஸ்பத்திரில வச்சு பாக்க வேண்டிய கேஸ். ரத்தம் கம்மின்னு சொன்ன உடனே நம்ம வீடுகள்ல என்ன செய்வாங்க, பீட்ரூட் ஜூஸ், மாதுளை, ஆப்பிள். சிவப்பா இருக்கிறதால ரத்தம் ஊறும்னு ஒரு நம்பிக்கை. பழம் நல்லதுதான், வேணாம்னு சொல்லல, ஆனா 100 கிராம் மாதுளையிலயும் சரி பீட்ரூட்லயும் சரி இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம் கூட தேறாது. கவர்மென்ட்ல சும்மா குடுக்கிற அந்த சின்ன சிவப்பு மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு, கூடவே 500 மைக்ரோகிராம் போலிக் ஆசிட். கிலோ 250 ரூபாய்க்கு மாதுளைய வாங்கி உரிச்சுக் குடுத்துட்டு இந்த மாத்திரை அட்டைய ஃபிரிட்ஜ் மேல போட்டு வைக்கிறதுதான் எனக்குப் புரியாத கணக்கு.

ரெண்டாவது டிரைமெஸ்டர்ல இருந்து நாளைக்கு ஒண்ணு, 180 நாள். ரத்தசோகை இருந்தா ரெண்டு போடச் சொல்வாங்க, ஏறலைன்னா நரம்பு வழியா இரும்பு ஏத்துவாங்க. ரெண்டாவது டிரைமெஸ்டர்லயே பூச்சி மாத்திரை ஒரு தடவை குடுப்பாங்க, கொக்கிப்புழு வயித்துல இருந்தா நீங்க என்ன சாப்பிட்டாலும் ரத்தத்த அது குடிச்சிடும், அதனால அதையும் போட்டுக்கணும்.

இப்ப மாத்திரைய போடுற முறை, இதுலதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒண்ணா போடக்கூடாது, கால்சியம் இரும்ப உடம்புல சேர விடாது, குறைஞ்சது ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும். பாலோடயும் போடக்கூடாது, டீ காபியோடயும் போடக்கூடாது. காலை டிபனோட ஒரு கால்சியம், மதியம் சாப்பாட்டோட ஒரு கால்சியம், ராத்திரி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் போல கழிச்சு படுக்கப் போறப்ப இரும்பு மாத்திரை, அரை டம்ளர் எலுமிச்சைத் தண்ணியோட. புளிப்புல இருக்கிற வைட்டமின் சி இரும்ப இழுத்துக் குடுக்கும். ராத்திரி போட்டா குமட்டலும் தூக்கத்துலயே போயிடும். மலம் கருப்பா போகும், அது மாத்திரையாலதான், பயப்படாதீங்க. மலச்சிக்கல் வரும், அதுக்கு தண்ணி, கீரை, வாழைத்தண்டு, கொய்யா. அதுக்கும் கேக்கலைன்னா டாக்டர்கிட்ட வேற கம்பெனி மாத்திரை கேளுங்க, சொல்லாம கொள்ளாம நிறுத்திடாதீங்க. எங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துல செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிங்க வர்ற நாள், மாத்திரை போடுறியாம்மான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. அங்க ஒரு நர்சம்மா அதுக்கு அசர மாட்டாங்க, மலம் என்ன கலர்ல போகுதுன்னு கேப்பாங்க, மஞ்சள்னு சொன்னா மாட்டிக்கிச்சு.

சாப்பாட்டுல இரும்புக்கு என்னன்னா, கறி சாப்பிடுறவங்களுக்கு சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல் மாதிரி ஒண்ணு கிடையாது. கறிக்கடையில காலைல சீக்கிரமே போனாத்தான் கிடைக்கும், ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதானே, மாசமா இருக்குன்னு சொன்னா எடுத்து வச்சிருந்து குடுக்கிற பாய்மாரும் இருக்காங்க. மிளகு சீரகம் போட்டு நல்லா வேக வச்சு சாப்பிடணும், அரைவேக்காடு கூடாது. ஈரலும் இரும்புதான், ஆனா அதுல வைட்டமின் ஏ எக்கச்சக்கமா இருக்கு, கர்ப்ப காலத்துல அது அளவுக்கு மீறினா குழந்தைக்கு ஆகாது, அதனால வாராவாரம் ஈரல் ஃப்ரைங்கிற பழக்கம் இருந்தா இப்ப நிறுத்தி வைங்க. சைவக்காரங்களுக்கு கம்பு, கொள்ளு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை சுண்டல், எள்ளு, முருங்கைக்கீரை, அரைக்கீரை. செடில வர்ற இரும்பு அவ்வளவு லேசுல உடம்புல ஒட்டாது, அதனால சுண்டல்ல எலுமிச்சை பிழிங்க, சாப்பாட்டுல ஒரு நெல்லிக்காய் வைங்க, சாப்பிட்ட கையோட டீ குடிக்கிறத ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். பச்சரிசிய அள்ளி அள்ளி மெல்லுறது, சிலேட்டுப் பல்பம், அடுப்புச் சாம்பல், செவுத்து மண்ணு திங்கத் தோணுறது, இதெல்லாம் சும்மா மசக்கை ஆசைன்னு சிரிச்சுட்டு விடுவாங்க. பல நேரம் இது இரும்புச்சத்து குறைஞ்சதோட அறிகுறி. வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க.

தட்டு எப்படி இருக்கணும்

நம்ம சாப்பாட்டுல பிரச்சினை அளவுல இல்ல, அமைப்புல. மலை மாதிரி சோறு, அதுல குழி பறிச்சு குழம்பு, ஓரத்துல ஒரு கரண்டி பொரியல். இத திருப்பிப் போடணும், தட்டுல பாதி காயும் கீரையும், கால்வாசி சோறு இல்ல சப்பாத்தி, மீதி கால்வாசி பருப்போ முட்டையோ மீனோ கறியோ. கூட ஒரு கப் தயிர்.

கூடுதலா எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி நாலாம் மாசத்துல இருந்து வழக்கமா சாப்பிடுறதுக்கு மேல நாளைக்கு 350 கலோரி. கேக்க பெருசா இருக்கும், ஆனா ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவ்வளவுதான் 350. வளைகாப்பு வீட்டுல நாலு பேரு ஊட்டுற அதிரசத்துலயும் சர்க்கரைப் பொங்கல்லயும் அது ஒரே உக்கார்ல தாண்டிடும், ஒருநாள் கூத்துதானே, பரவால்ல.

கால்சியத்துக்கு கேழ்வரகு, 100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. கூழோ, அடையோ, தோசையோ உங்க இஷ்டம். பாக்கெட் பால் பாஸ்சரைஸ் பண்ணது, மாட்டுக்காரர்கிட்ட கறந்த பால் வாங்குறவங்க பொங்கக் காய்ச்சாம தொடாதீங்க. ஆஃப்பாயிலும் வேண்டாம், முழுசா வெந்த முட்டைதான். அயோடின் உப்பையே போடுங்க, கல்லுப்பு வாங்குனாலும் அயோடின் சேத்ததா பாருங்க.

மீன் நல்லா சாப்பிடுங்க, மத்தி, நெத்திலி, சங்கரா மாதிரி. சுறா மட்டும் வேணாம், பெரிய மீன்ல பாதரசம் சேரும். பெரிய வஞ்சிரம் எப்பவாவது ஒரு துண்டோட போதும்.

எடை எவ்வளவு ஏறணும்னா, சாதாரண உடல்வாகா இருந்தவங்களுக்கு மொத்தமா 10ல இருந்து 12 கிலோன்னு நம்ம ஊர் டாக்டர்ங்க சொல்வாங்க, ஒல்லியா இருந்தவங்க அதுக்கு மேல ஏறணும், ஏற்கனவே குண்டா இருந்தவங்களுக்கு அத விட கம்மியே போதும்.

பயமுறுத்தல்கள், சுருக்கமா

பப்பாளி: காயில வர்ற பால்தான் சந்தேகத்துக்குரியது, பழுத்த பழம் ரெண்டு துண்டுல ஒண்ணும் ஆகாது. மனசு ஒப்பலைன்னா விடுங்க, கொய்யா இருக்கு. அன்னாசி ஒரு துண்டுல கரு கலையாது. குங்குமப்பூவுக்கும் குழந்தை கலருக்கும் சம்பந்தமே இல்ல, அந்தக் காசுக்கு ஒரு மாசத்துக்கு முட்டை வாங்கலாம். கடைசி மாசம் நெய் குடிச்சா வழுக்கிட்டு வரும்ங்கிறதும் அப்படித்தான், நெய் போறது குடலுக்கு, குழந்தை இருக்கிறது கர்ப்பப்பையில.

சுகர் டெஸ்ட்

அந்த குளுக்கோஸ் தண்ணி டெஸ்ட்ட தட்டிக் கழிக்காதீங்க. 75 கிராம் குளுக்கோஸ கரைச்சுக் குடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க, 140 இல்ல அதுக்கு மேல இருந்தா கர்ப்பகால சுகர். சாப்பிட்டு வந்திருந்தாலும் எடுக்கலாம், பஸ் ஏறி வெறும் வயித்தோட வரணும்னு கட்டாயமில்ல. இந்த எளிய முறைய பரப்பினவர் சென்னையச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா, அவர் பிறந்த நாளான மார்ச் 10ஐத்தான் நாடு முழுக்க கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளா வச்சிருக்காங்க. முதல் தடவை போறப்ப ஒண்ணு, நார்மல்னா 24லருந்து 28 வாரத்துல மறுபடி ஒண்ணு.

சுகர்னு வந்துட்டா பட்டினி கிடக்கக்கூடாது. வெள்ளைச் சோறக் குறைச்சு, மூணு வேளைய ஆறு வேளையா பிரிச்சு, ஜூஸுக்கு பதிலா பழமா கடிச்சு, சாப்பிட்ட பிறகு ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சுகர ஏத்தும், இயற்கையானதுன்னு சலுகை கிடையாது.

கடைசி மூணு மாசம்

குழந்தை மேல அமுக்கும், நெஞ்சு எரியும், கொஞ்சம் சாப்பிட்டாலே மூச்சு முட்டும். சின்னச் சின்ன வேளையா சாப்பிடுங்க, சாப்பிட்ட உடனே படுக்காதீங்க. சாப்பாட்ட குறைச்சா குழந்தை சின்னதா இருக்கும், சுகப்பிரசவம் ஆகும்னு சொல்லி சோத்த குறைக்கிற வழக்கம் இன்னும் இருக்கு. தப்பு. குழந்தை எடை போடுற காலமே இதுதான், எடை குறைஞ்ச குழந்தைய அப்புறம் இன்குபேட்டர்ல வச்சு பாக்க வேண்டி வரும். விரதமும் இப்ப வேண்டாம்.

திடீர்னு முகம் கை வீங்கி, தலை வலிச்சு, கண்ணு மங்கலா தெரிஞ்சா அது உப்பு ஜாஸ்தியானதால இல்ல, பிரஷரா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும்.

பிரசவத்துக்கு அப்புறம்

பொறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள பால் குடுக்கணும், ஆபரேஷனா இருந்தாலும். முதல்ல வர்ற மஞ்சளான சீம்பால பீச்சிக் கீழ ஊத்தாதீங்க, அதுலதான் எதிர்ப்புசக்தி எல்லாம் இருக்கு. சேனை தொட்டு வைக்கிறேன்னு யாராவது சர்க்கரைத் தண்ணியோ தேனோ கழுதைப் பாலோ எடுத்துட்டு வந்தா வாசல்லயே நிறுத்துங்க. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், தண்ணி கூட வேண்டாம்.

இப்ப பத்தியம். பூண்டு, மிளகு, சீரகம், கருவேப்பிலைக் குழம்பு எல்லாம் நல்லதுதான், சேக்குறதுல எனக்கு சண்டை இல்ல, நீக்குறதுலதான் சண்டை. தண்ணி குடிச்சா வயிறு போடும், பழம் சாப்பிட்டா குழந்தைக்கு சளி பிடிக்கும், பருப்பு சாப்பிட்டா தையல் சீழ் வைக்கும்னு எல்லாத்தையும் எடுத்துட்டா மிஞ்சுறது சோறும் மிளகு ரசமும். தையல் ஆறுறதுக்கே புரதமும் வைட்டமின் சியும் வேணும், அது பருப்புலயும் முட்டையிலயும் எலுமிச்சையிலயும்தான் இருக்கு. தண்ணிய அளந்து குடுத்தா மலம் இறுகி, தையல் போட்ட இடத்துல உயிர் போற வலி. ஒவ்வொரு தடவ பால் குடுக்க உக்காரும்போதும் பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி வச்சுக்கோங்க. அத்தையோட இதுக்காக மல்லுக்கு நிக்க முடியலைன்னா வீட்டுக்கு வர்ற நர்சம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க சொன்னா பெரியவங்க கேப்பாங்க.

பால் குடுக்கிற முதல் ஆறு மாசம் நாளைக்கு 600 கலோரி கூடுதலா வேணும், கர்ப்பத்த விட அதிகம். ஆனா நம்ம வீட்டுல மாசமா இருக்கிறப்ப ஊட்டி ஊட்டி வளத்துட்டு பெத்த பிறகு பத்தியம்னு பட்டினி போடுவாங்க, அப்படியே தலைகீழ். பால் ஊற பால்சுறா புட்டுதான் வேணும்னு அலையாதீங்க, அதே பாதரசக் கதைதான். காரப்பொடி மீன் குழம்பு, நெத்திலி, பூண்டு, முருங்கைக்கீரை, வெந்தயக்கஞ்சி சாப்பிடலாம். ஆனா பால் ஊறுறதுக்கு எல்லாத்துக்கும் மேல குழந்தை அடிக்கடி சப்பணும், வேற ரகசியம் இல்ல. பிரசவ லேகியம் சாப்பிடுறவங்க சுகர் இருந்திருந்தா அதுல எவ்வளவு கருப்பட்டின்னு பாருங்க, பேர் தெரியாத பொடிய டாக்டர்கிட்ட காட்டாம சாப்பிட வேண்டாம்.

இரும்பு மாத்திரை இன்னும் 180 நாள் இருக்கு, கால்சியமும் ஆறு மாசம். குழந்தை பொறந்ததும் அட்டைய தூக்கிப் போட்டுடுறாங்க, பிரசவத்துல போன ரத்தத்த எதால ஈடு கட்டுறது? எடை குறைக்கிற அவசரத்துல பட்டினி வேண்டாம், நடக்க ஆரம்பிங்க, அது மெல்ல இறங்கும்.

கர்ப்பகால சுகர் இருந்தவங்க ஆறாவது வாரத்துல குழந்தைக்கு தடுப்பூசி போடப் போறப்பவே மறுபடி ஒரு குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்துடுங்க, பின்னால நிரந்தர சுகர் வர வாய்ப்பு இவங்களுக்கு அதிகம், அப்புறம் வருஷா வருஷம் பாக்கணும். எல்லாருமே அந்தப் பயணத்துலயே ஹீமோகுளோபினும் பாத்துக்கோங்க. அடுத்த குழந்தைக்கு குறைஞ்சது ரெண்டு வருஷமாவது கழிச்சு கர்ப்பமாகணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதனால என்ன கருத்தடை முறைங்கிறதையும் அன்னைக்கே கேட்டுட்டு வந்துடுங்க.